வெள்ளிக்கிழமைக் குளிசை

சென்ற இதழில் நீரிழிவு பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே, "எனக்கும் கைவிரல் மூட்டுகளில் வாதம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் குளிசை போடுகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் நீரிழிவுக்கு வந்ததைவிடக் கூட. சரி, இந்த முறை பக்கம் முழுவதும் வாதத்துக்கே. நான் வைத்தியர் இல்லை. 31 வருடம் வன்னி ஆஸ்பத்திரிகளில் தாதியாக நின்றவள். இப்போது முள்ளியவளையில் இருந்து கிளினிக் கொப்பியோடு போய் அதே வாங்கில் குந்தியிருப்பவள். அந்த இரண்டு பக்கத்திலும் இருந்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. மூன்று மாதத்துக்கு முன்பு வரை எங்களோடு தோட்டத்தில் நின்று கச்சான் ஆய்ந்தவர். திடீரென்று ஒரு கிழமைக்குள் இரண்டு தோளும் தூக்க முடியாமல் போய்விட்டது. இப்போது கைவிரல்களும் வீங்கி, காலையில் எழும்பினால் பத்து மணி வரை மடக்க முடியவில்லை. கொண்டையும் நான்தான் கட்டிவிடுகிறேன். ஆளும் மெலிந்துகொண்டு போகிறார். ஊரில் எல்லாரும் "வயது போனால் வாதம் வரும்தானே" என்கிறார்கள். அப்படித்தானா?
— ஒரு மகள், புதுக்குடியிருப்பு

இல்லைப் பிள்ளை, அப்படி இல்லை.

வயது போகப் போக வருவது மூட்டுத் தேய்வு. அது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். முழங்கால், இடுப்பு, விரலில் என்றால் பெரும்பாலும் நகத்துக்குக் கிட்ட உள்ள மூட்டு. காலையில் கொஞ்சம் பிடிக்கும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிய விட்டுவிடும். வேலை செய்யச் செய்யத்தான் நோகும், இருந்தால் ஆறும். உங்கள் அம்மாவுக்கு நடப்பது இதற்குத் தலைகீழ். படுத்து ஆறியபின்தான் கூடப் பிடிக்கிறது, அசைய அசையத்தான் இளகுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றாக வந்திருக்கிறது. வீக்கம் இருக்கிறது, ஆள் மெலிகிறார். இது முடக்குவாதத்தின் முகம். கிளினிக்கில் ருமற்றொயிட் ஆத்ரைட்டிஸ் என்று எழுதுவார்கள்.

உடம்புக்குக் காவல் நிற்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, சொந்த மூட்டின் உள்சவ்வையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்குகிறது. அப்படியே விட்டால் பக்கத்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும். அரித்ததை எந்தக் குளிசையும் திரும்பக் கொண்டுவராது. அதனால்தான் முதல் சில மாதங்களுக்கு இவ்வளவு பெறுமதி.

இது பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்குத்தான் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூட. ஆனால் 60க்குப் பிறகு தொடங்கும் வகை ஒன்று இருக்கிறது. அதில் ஆண்களும் ஏறத்தாழச் சமமாக வருவார்கள். அது பதுங்கிப் பதுங்கி வராது, சில நாளிலேயே ஆளை விழுத்தும். தோள் மாதிரிப் பெரிய மூட்டைப் பிடிக்கும். மெல்லிய காய்ச்சல், களைப்பு, பசியின்மை, மெலிவு எல்லாம் சேர்ந்து வரும். வீட்டுக்காரர் புற்றுநோயோ என்று பயப்படுகிற அளவுக்கு ஆள் வாடிப்போவதை நான் வார்டில் கண்டிருக்கிறேன்.

எனக்குத் தொடங்கினது 63 வயதில். முதலில் துருவலையில் குந்தி ஒரு பாதித் தேங்காய் துருவ முடியவில்லை. அடுத்தது இடியப்ப உரல். பிறகு ஈரச்சேலையைப் பிழிய முடியாமல், சொட்டச் சொட்டக் கொடியில் போட்டேன். மோதிரம் சவர்க்காரம் போட்டும் கழரவில்லை. நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். அப்போதாவது புத்தி வந்ததா? இல்லை. நாலு மாதம் டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசையை நானே வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். மற்றவர்களுக்குப் புத்தி சொல்லி 31 வருடம் சம்பளம் வாங்கினவள்! வேலையில் இருந்த காலத்தில் எத்தனை ஆச்சிமார் "விடியக்காலமை கை விறைக்குது பிள்ளை" என்று சொல்ல, "உங்கட வயதுக்கு அப்பிடித்தான் அம்மா" என்று பூச்சு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பேன். நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு கிழமைக்கு, அம்மா எழும்பிய நேரத்தையும், தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையால் தூக்கிய நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். "காலையில் நோகும்" என்று சொன்னால் வைத்தியர் நூறு பேரிடம் கேட்ட கதை. "ஐந்தரைக்கு எழும்பினார், பத்தேகாலுக்குத்தான் கோப்பை தூக்கினார்" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு நின்றாலே அது கவனிக்க வேண்டிய விசயம். விரல்கள் தொடங்கும் இடத்து முட்டிகளை, கை குலுக்குவது மாதிரி மெல்ல அமத்திப் பாருங்கள். கையை வெடுக்கென்று இழுத்தால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று: தொடங்குவதற்கு முன்பு காய்ச்சல் வந்ததா? சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு விரல், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் இதே மாதிரி மாதக்கணக்கில் வீங்கி நிற்கும். 2006 கடைசியில் அந்தக் காய்ச்சல் பரவின காலத்தில் எங்கள் வெளிநோயாளர் பகுதியில் நடக்க முடிந்த ஆளைக் காண்பதே அபூர்வம். தோளும் இடுப்பும் மட்டும் பிடிக்கிற வேறொரு வருத்தமும் 50க்கு மேல் வரும். பிரித்தறிவது வைத்தியர் வேலை. ஆனால் தோள் பிடிப்போடு புதிதாக நெற்றிப்பொட்டு வலி, சப்பும்போது தாடை நோவு, பார்வை மங்கல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண் போகிற விசயம்.

மாஞ்சோலையில் இருக்கிற முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு முதலில் போங்கள். இரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற ஈ.எஸ்.ஆர்., சீ.ஆர்.பீ., முடக்குவாதத்தைத் தேடுகிற ஆர்.ஏ. ஃபக்டர், முடிந்தால் அன்டி சீ.சீ.பீ.; அதோடு சிறுநீரகம், ஈரல் சோதனைகள், இரண்டு கைக்கும் பாதத்துக்கும் எக்ஸ்றே. ஈ.எஸ்.ஆர். வயதோடு கூடும். பெண்களுக்கு வயதோடு 10ஐக் கூட்டி இரண்டால் பிரிப்பது எங்கள் பழைய கணக்கு. அம்மாவுக்கு 39 வரை பரவாயில்லை. எனக்கு அன்று 92. பிறகு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தால் தூரத்தை நினைத்து விட்டுவிடாதீர்கள். விறைத்த கையோடு விடியப்புறம் பஸ் ஏறி, பரந்தனில் திரும்பி ஆனையிறவு தாண்டிப் போவது கொடுமைதான்; நான் கம்பியைப் பிடிக்க முடியாமல் கொண்டக்டர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். முடிந்தால் முதல்நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள்.

இரத்தச் சோதனையில் ஆர்.ஏ. ஃபக்டர் பொசிட்டிவ் என்று வந்திருக்கிறது. எனக்கு 74 வயது. மூட்டு வலி ஒன்றும் இல்லை. வேறு எதற்கோ செய்த சோதனை. இரவில் நித்திரை வருகுதில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லாவி

நித்திரை கொள்ளுங்கோ சேர். ஒரு வருத்தமும் இல்லாத வயதானவர்களிலும் சிலருக்கு அது பொசிட்டிவாக இருக்கும். அதே மாதிரி, முடக்குவாதம் உள்ளவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்கு அது நெகட்டிவாகவே நிற்கும். கடதாசிக்கு வைத்தியம் இல்லை, மூட்டுக்குத்தான். மூட்டு வீங்கினால் வாருங்கள், பார்ப்போம்.

வயது 72. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல். யாழ்ப்பாணத்தில் முடக்குவாதம் என்று சொல்லி மெதோட்ரெக்சேட் குளிசை தந்திருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு நாள் நாலு குளிசை. கனடாவில் இருக்கிற மகன் இணையத்தில் பார்த்துவிட்டு "அப்பா, அது கான்சர் மருந்து, தொடாதேங்கோ" என்கிறான். மூன்று கிழமை போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. நிற்பாட்டவா? நோவுக்குத் தினம் போட்டால் கெதியாய்ச் சுகம் வருமா? பின்னேரத்தில் ஒரு போத்தல் கள்ளு குடிக்கிற பழக்கம் உண்டு. அதுவும் ஏதும் செய்யுமோ?
— ஒரு கமக்காரர், ஒட்டுசுட்டான்

ஐயா, "தினம் போட்டால்" என்று கேட்டீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. முதலில் அதற்கு வருகிறேன்.

மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரே ஒரு நாள். தினம் போட்டால் அது நஞ்சு. நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆச்சியைக் கொண்டுவந்தார்கள். சீட்டில் இருந்ததை வீட்டில் பிழையாக விளங்கி ஒன்பது நாள் தொடர்ந்து கொடுத்திருக்கிறார்கள். வாய் முழுக்கப் புண், தண்ணீர் இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில். எலும்பு மச்சை இரத்தம் செய்வதை நிறுத்திவிடும். அவர் தப்பினார். எல்லாரும் தப்புவதில்லை.

ஆகவே ஒரு நாளைத் தெரிவு செய்து அதிலேயே நில்லுங்கள். எனக்கு வெள்ளிக்கிழமை. ஏன் தெரியுமா? எங்கள் வீட்டில் அன்றைக்கு மச்சம் இல்லை. பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் மணந்தால் அது குளிசை நாள். மறக்க வழியே இல்லை. செவ்வாயும் மரக்கறிதான், ஆனால் செவ்வாயில் கோயில் மணி கேட்காது, வெள்ளியில் கேட்கும். போட்டவுடன் கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி வட்டம். வட்டம் இருந்தால் பேரன் கேட்டாலும் இரண்டாந்தரம் போடுவதில்லை. போலிக் அசிட் குளிசை எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அது வாய்ப்புண், குமட்டலைக் குறைக்கத் தருவது. வைத்தியர் எந்த நாள் சொன்னாரோ அந்த நாள், மெதோட்ரெக்சேட் போடுகிற அன்று வேண்டாம்.

பெட்டியையும் பாருங்கள். இதில் 2.5 மில்லிகிராம் குளிசையும் உண்டு, 10 மில்லிகிராம் குளிசையும் உண்டு. உங்களுக்கு 2.5இல் நாலு, மொத்தம் 10. அடுத்த முறை வெளியில் வாங்கும்போது 10 மில்லிகிராம் குளிசையைத் தந்துவிட்டால், அதே நாலு 40 ஆகிவிடும். நிறத்தை நம்ப வேண்டாம். எண்ணை வாசியுங்கள், கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

மகன் சொன்னது பொய்யில்லை. புற்றுநோய்க்கும் இதே மருந்துதான். ஆனால் அங்கே கொடுக்கிற அளவு எங்கேயோ, உங்கள் நாலு குளிசை எங்கேயோ. உப்பு ஒரு சிட்டிகை போட்டால் கறி, ஒரு சுண்டு போட்டால்? அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு இதை 1988இல் அங்கீகரித்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க முதலில் எடுப்பது இதைத்தான். விலையும் குறைவு. மூன்று கிழமையில் மாற்றம் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு கிழமை. எனக்கு ஒன்பதாவது வெள்ளியில்தான், ஒரு நாள் காலை எழும்பி அடுப்படிக்குப் போய், பால்மா ரின் மூடியைத் திறந்தபிறகுதான் யோசித்தேன், "இதை நானா திறந்தேன்?" என்று.

இரத்தச் சோதனையைத் தவற விடாதீர்கள். உங்கள் வயதில் சிறுநீரகம் முன்னைப்போல் வடிக்காது; இந்த மருந்து வெளியேறுவதோ சிறுநீரகத்தால். அதிலும் எங்கள் பக்கம், வவுனியாவிலும் அதற்குத் தெற்கே அநுராதபுரத்திலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் கமக்காரரைத்தான் கூடப் பிடிக்கிறது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்பதும், நோவுக்கு டைக்ளோபெனாக்கைச் சொந்தமாக வாங்கிப் போடுவதும் வேண்டாம். நான் போட்ட நாலு மாதத்துக்கு எனக்குக் கிடைத்தது வயிற்றுப் புண்.

வயலுக்குப் போகலாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம். போகம் தொடங்கும்போது எலிக்காய்ச்சலுக்குச் சுகாதாரப் பரிசோதகர் குளிசை தந்தால், "நான் மெதோட்ரெக்சேட் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். கோ-ட்ரைமொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக்கை யார் தந்தாலும் அதே வசனத்தைச் சொல்லுங்கள். இரண்டும் சேரக் கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை நோவு, காரணமில்லாமல் தோலில் நீலம் பாய்தல், வறட்டு இருமலோடு மூச்சு வாங்கல்: இவற்றில் ஒன்று வந்தாலும் அந்தக் கிழமைக் குளிசையைப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ராத்திரி என்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை.

கள்ளு. கேள்வியைக் கடிதத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள், பதில் உங்களுக்கே தெரியும் போல. இந்த மருந்தும் ஈரலுக்குப் பாரம், மதுவும் ஈரலுக்குப் பாரம். தினம் ஒரு போத்தல் சரிவராது. "பனங்கள்ளு மருந்துதானே பிள்ளை" என்று என்னிடம் வாதாடிய ஐயாமார் பலர். பதநீர் கிடைத்தால் குடியுங்கள். கிளினிக்கில் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் நின்றாலும்.

ஒரு மருந்துக்கடையில் மூட்டு வலிக்குக் கடதாசியில் சுற்றி மூன்று குளிசை தருவார்கள். பெயர் இல்லை. இரண்டு வருடமாக எடுக்கிறேன். போட்ட அன்றே பறந்து திரிவேன். இப்போது முகம் ஊதி, சீனி வருத்தமும் வந்துவிட்டது. அதிலே இருக்கிற சின்ன வெள்ளைக் குளிசை ஸ்டீரொயிட் என்று ஒருவர் சொன்னார். இன்றையோடு நிறுத்தப் போகிறேன்.
— ஒரு வியாபாரி, 64 வயது, கிளிநொச்சி

நில்லுங்கள். இன்றையோடு நிறுத்தாதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாதிரித்தான் தெரிகிறது. உடம்பு தானாகச் சுரக்கிற ஒன்றைத்தான் அந்தக் குளிசை வெளியில் இருந்து கொடுக்கிறது. இரண்டு வருடம் வெளியில் இருந்து வந்தால், உள்ளே இருக்கிற சுரப்பி படுத்துவிடும். சடுதியாக நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழும், மயக்கம், வாந்தி, உயிருக்கே ஆபத்து. மிச்சம் இருக்கிற குளிசையை அந்தக் கடதாசியோடேயே மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் இறக்குவார்கள். அதே நேரத்தில் வருத்தத்தின் வேருக்கு வேறு மருந்து தொடங்குவார்கள்.

"பறந்து திரிந்தேன்" என்பதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1948இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஹென்ச் என்ற வைத்தியர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு இளம்பெண்ணுக்கு முதன்முதலில் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழும்பி நடந்து கடைக்குப் போய் வந்தார். இரண்டு வருடத்தில் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. முகம் ஊதுவதும், எலும்பு கரைவதும், மனம் குழம்புவதும் அடுத்தடுத்துத் தெரியவந்தது. அதற்காக அதைக் கெட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். எனக்கும் மெதோட்ரெக்சேட் பிடிக்கும் வரை மூன்று மாதம் சின்ன அளவில் தந்து, பிறகு இறக்கினார்கள். அளவும் நாளும் தெரிந்த ஒருவர் கையில் இருந்தால் அது மருந்து. பெயரில்லாத கடதாசிப் பொட்டலத்தில் இருந்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

கண்புரை, எலும்பு இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். குளியலறையில் வழுக்கி விழாமல் பாருங்கள். இரண்டு வருட ஸ்டீரொயிட் எலும்பு சும்மா விழுந்தாலே இடுப்பில் முறியும்.

அப்பம்மாவுக்கு வாதம். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, வாழைக்காய், இறைச்சி எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கஞ்சியும் பருப்பும்தான். சித்த வைத்தியரிடம் எண்ணெய் எடுக்கலாமா? முடக்கொத்தான் கீரை உண்மையில் வேலை செய்யுமா?
— நெடுங்கேணியிலிருந்து ஒரு பேத்தி

பாவம் அந்த மனுசி. வருத்தம் ஒரு பக்கம் மெலிய வைக்க, நீங்கள் மறுபக்கம் மெலிய வைக்கிறீர்கள். கத்தரிக்காய் முடக்குவாதத்தைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நான் வெள்ளிதோறும் தின்கிறேன். இறைச்சி, கடலுணவு தவிர்க்கச் சொல்வது யூரிக் அமில வாதத்துக்கு, அது வேறு வருத்தம். கால் பெருவிரல் ஒன்று இரவோடிரவாகச் சிவந்து வீங்குமே, அது. அப்பம்மாவுக்கு முட்டை, பயறு, கீரை, சூடை, கீரிமீன் எல்லாம் கொடுங்கள். ஏதாவது ஒரு சாப்பாடு ஒவ்வொரு முறையும் தனக்குக் கூட்டுகிறது என்று அவரே சொன்னால் அதை மட்டும் விடுங்கள்.

முடக்கொத்தான் இரசமும் தோசையும் எங்கள் வீட்டிலும் உண்டு. பெயரிலேயே முடக்கு இருக்கிறது என்பதற்காக அது மெதோட்ரெக்சேட்டின் வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எண்ணெய் பூசலாம், நொச்சியிலை ஒத்தடம் கொடுக்கலாம், விறைப்புக்கு இதமாக இருக்கும். நான் காலையில் முதல் வேலையாகச் சுடுதண்ணீர்ச் சட்டியில் கை இரண்டையும் பத்து நிமிடம் வைத்து விரலை மடக்கி விரிக்கிறேன். ஆனால் மூட்டு சிவந்து கொதிக்கிற நாளில் சூடும் வேண்டாம், உருவுவதும் வேண்டாம். குளிர்ந்த துணி போதும். படித்துப் பதிவு பெற்ற சித்த வைத்தியர் என்றால் கிளினிக் கொப்பியை அவருக்கும் காட்டுங்கள். அவர் தருவதை கிளினிக்கிலும் சொல்லுங்கள். பெயர் எழுதாத தூளும் உருண்டையும் எங்கிருந்து வந்தாலும் வேண்டாம். முன் கடிதத்து வியாபாரியின் சின்ன வெள்ளைக் குளிசை தூளாகவும் வரும்.

2009இல் இடது கால் போனது. பொய்க்காலும் ஊன்றுகோலுமாக நடக்கிறேன். உடம்பில் இன்னும் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. இப்போது 61 வயது. இரண்டு மணிக்கட்டும் விரல்களும் வீங்கியிருக்கின்றன. ஊன்றுகோலைப் பிடிக்க முடியவில்லை. செல் துண்டின் நஞ்சுதான் மூட்டுகளுக்கு இறங்கிவிட்டதா?
— ஒரு சகோதரி, விசுவமடு

தங்கச்சி, மூட்டுக்குள்ளேயோ மூட்டை ஒட்டியோ துண்டு இருந்தால் அந்த மூட்டு நோகலாம். இரண்டு மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்குவதற்கு அது காரணமாகத் தெரியவில்லை. இது தனி வருத்தம். அதற்குத் தனி மருந்து உண்டு. "எனக்கு எல்லாம் அதாலதான்" என்று நினைத்துக் கொண்டு எத்தனையோ பேர் வைத்தியம் பார்க்காமலே இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி நினைக்க நியாயமும் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். ஒன்று மட்டும்: யாராவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினால், உள்ளே துண்டு இருப்பதை முதலே சொல்லுங்கள். அது பெரிய காந்தம், இரும்பு அசையும்.

ஊன்றுகோல்தான் உங்களுக்கு அவசரம். உள்ளங்கையில் பாரம் விழுகிற கோலை மாற்ற வேண்டும். முன்னங்கையை முழங்கையில் இருந்து படுக்க வைத்துப் பாரத்தைத் தாங்குகிற மேடை வைத்த கோல் இருக்கிறது. இயன்மருத்துவரிடம் அப்படியே கேளுங்கள். கிடைக்கும் வரை பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் துணி கட்டி மொத்தமாக்குங்கள். மொத்தமான பிடியை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. பொய்க்காலின் பொருத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையத்தில் உங்கள் கால் செய்திருந்தால் அங்கேயே போகலாம். வருத்தத்தால் மெலிந்தால் கால் தளரும், தளர்ந்தால் கைக்கு இன்னும் பாரம்.

கந்தசஷ்டி ஆறு நாளும் இளநீரும் பழமும்தான். குளிசை போடலாமா?
— ஓர் அம்மா, வற்றாப்பளை

பிரெட்னிசொலோன் எடுப்பவர் என்றால் ஒரு நாளும் விடக்கூடாது, வெறும் வயிற்றிலும் கூடாது. மெதோட்ரெக்சேட் என்றால் தண்ணீர் குறையக் கூடாது. ஒருநேரச் சோறோடு பிடியுங்கள், முருகன் கோபிக்க மாட்டார். வைத்தியர் கோபிப்பார்.

குளிசை தொடங்கி ஆறு மாதம். வீக்கம் வடிந்துவிட்டது. பழையபடி சமைக்க ஆசை. மருமகள் அடுப்படிக்குள் விடுகிறாள் இல்லை.
— 70 வயது, துணுக்காய்

மருமகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வீக்கம் வடிந்த கைக்கு வேலைதான் பயிற்சி. செய்கிற விதத்தை மட்டும் மாற்றுங்கள். சட்டியை ஒரு கையால் காதில் பிடித்துத் தூக்காமல், இரண்டு உள்ளங்கையாலும் அடியில் தாங்கி. அகப்பைக் காம்பில் துணி சுற்றி. போத்தல் மூடியை விரலால் திருகாமல், கீழே ஈரத்துணி வைத்து உள்ளங்கையால் அமத்தி. வாளி நிறையத் தண்ணீர் வேண்டாம், அரை வாளியாக இரண்டு தரம். அம்மி, உரல், துருவலை மருமகளுக்கு. இருபது நிமிடம் வேலை, பிறகு கொஞ்ச நேரம் கை ஆறல்.

இடியப்ப உரலை நான் இன்னும் தொடவில்லை. புட்டுத்தான் அவிக்கிறேன். மா குழைக்கும்போது வலது கை சின்னவிரல் இன்னும் நேரே நிற்காது. அது அந்த நாலு மாதத்தில் போனது.